கண்ணாடியில் தெரிந்த பின்வரிசை

கிட்ட வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. வாய் ஓயாமல் பேசுகிறவர்களுக்கென்றே ஒரு கதை வைத்திருக்கிறேன். சிரிக்காதீங்க, என்னையும் சேர்த்துத்தான்.

ஒரு சலவைக்கடைக்கு மேலே மாடி அறை. பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்கள் வாரம் இரண்டு நாள் காலையில் அங்கே வருவார்கள். பெரிய கண்ணாடி முன் உட்கார்ந்து சாவி, கரண்டி, குடை என்று ஒவ்வொரு சொல்லாக மீட்டுக்கொள்வார்கள். கூட வந்த வீட்டுக்காரர்கள் பின்வரிசையில் இருந்தபடி ஊர்க்கதை பேசுவார்கள்.

அறையைத் தொடங்கியவள் ஒரு தையல்காரி. அவள் கணவர் ரயில் நிலையத்தில் வண்டி வருவதை அறிவித்தவர். தெருவே அவரை ‘ஒலிபெருக்கி’ என்றுதான் கூப்பிடும். அந்தக் குரல் ஒருநாள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே நின்றுபோனது. அவருக்காகத்தான் அந்த அறை. சுவரில் அவள் தன் கையால் எழுதி ஒட்டிய விதி ஒன்றே ஒன்று: ‘யார் பேச்சையும் யாரும் முடித்துவைக்கக் கூடாது.’

இப்போது அறைக்கே ஆபத்து. வாடகையைக் கூட்டித் தராவிட்டால் ஆண்டு முடிவில் காலி செய்யச் சொல்லிவிட்டார் கடைக்காரர். உதவக்கூடிய ஓர் அறக்கட்டளை இருந்தது. ஆனால் தையல்காரி எழுதிய விண்ணப்பம் இரண்டு முறை போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டது.

“அண்ணி, இது விண்ணப்பமா? சம்பந்தி வீட்டுக்குப் போட்ட கடுதாசி மாதிரி இருக்கு. ‘அனைவரும் நலமா’ன்னு வேற கேட்டிருக்கீங்க” என்று சிரித்தாள் நாத்தனார். “இதை எழுதித் தர்றதுக்குன்னே ஆலோசகருங்க இருக்காங்க. ஒருத்தரை வைப்போம்.”

தையல்காரிக்கு மனசு ஒப்பவில்லை. நம் வீட்டு வலியை யாரோ வந்து எழுதுவதா? ஆனாலும் ஆபத்துக்குப் பாவமில்லை என்று இரண்டு பேரை வரச் சொன்னாள்.

முதலில் வந்தவர் மிடுக்கான மனிதர். ஒலிபெருக்கி “எ... எங்...” என்று தொடங்கியதுதான் தாமதம்.

“எங்களுக்கு உதவி வேணும், அதானே சார்? புரியுது, புரியுது!”

அவர் படியிறங்கியதும் நாத்தனார் சொன்னாள்: “இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டிருந்தா அண்ணனோட சுயசரிதையையே எழுதி முடிச்சிருப்பாரு.”

அடுத்து வந்தவள் நனைந்த குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வாசலிலேயே நின்ற ஒரு பெண். சுவரில் இருந்ததைப் படித்தாள். பழைய விண்ணப்பங்களையும் கேட்டு வாங்கிப் படித்தாள்.

“மனசு விட்டு எழுதியிருக்கீங்கம்மா. ஆனா அவங்க கேட்ட கேள்விக்குப் பதில் இல்லையே. ‘இந்த அறை இல்லைன்னா என்ன ஆகும்?’” என்றவள், ஒலிபெருக்கியின் பக்கம் திரும்பினாள். “நீங்க சொல்லுங்க ஐயா.”

அவர் உதடு அசைந்தது.

“இவரு மறுபடி மூலையில முடங்கிடுவாரும்மா, அதான்” என்று முந்திக்கொண்டாள் தையல்காரி.

வந்தவள் பேனாவால் சுவரை மட்டும் காட்டினாள். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். தையல்காரிக்கு முகம் சிவந்துவிட்டது. பாவம், ஊருக்குச் சட்டம் எழுதியவள்!

காத்திருந்தார்கள். கீழே இஸ்திரிப்பெட்டி இரண்டு முறை சீறி அடங்கியது. குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பேனா அசையவே இல்லை.

“இவ...” என்றார் அவர். மூச்சு வாங்கினார். “தனியா... ஆயிடுவா.”

சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் காட்டினார். அவர் நாற்காலியிலிருந்து பார்த்தால் அதில் தெரிவது பின்வரிசை. மற்றப் பெண்களோடு தையல்காரி தலையைச் சாய்த்துச் சிரிக்கும் இடம். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து மூன்று வருஷமாகிறது. அவரைக் கூட்டிக்கொண்டு வருவது தான்தான் என்று அவள் நினைத்திருந்தாள். அவரோ அத்தனை நாளும் அவளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

அவள் முந்தானையால் முகத்தை அழுத்திக்கொண்டாள்.

“விண்ணப்பத்துல பின்வரிசையைப் பத்தி ஒரு வரிகூட இல்லைம்மா” என்றாள் வந்தவள் மெதுவாக. “அங்கிருந்துதான் ஆரம்பிக்கணும். கிடைக்கும்னு சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன். என்னை எடுத்துக்கிட்டா உண்மையா எழுதுவேன்.”

“எ... எடு...” என்றார் ஒலிபெருக்கி.

மூன்று பெண்களும் வாயைத் திறக்காமல் காத்திருந்தார்கள்.

“எடுத்தாச்சு!”

மூன்றாம் முறை விண்ணப்பம் திரும்பி வரவில்லை. பதில்தான் வந்தது. அறை பிழைத்தது, பின்வரிசைக்கு இன்னும் நான்கு நாற்காலிகள் சேர்ந்தன.

உங்கள் வீட்டில் பாதியில் நிற்கிற பேச்சுக்கெல்லாம் காத்திருக்க ஓர் ஆள் இருக்கட்டும். உங்கள் சிரிப்பைக் கண்ணாடியில் பார்த்து மகிழ இன்னோர் ஆளும் இருக்கட்டும். பிள்ளைகுட்டிகளோடு நல்லா இருங்க, கண்ணுங்களா.