உள்ளங்கால்

அரூர் ரோட்டுப் பூவரச மரத்தடியில் வியாழன்தோறும் குஷ்டரோகிகளுக்கு ஊசி போடுவார்கள். ஊசிக்கு முன்னால் ஒருவர் உள்ளங்காலை இன்னொருவர் பார்த்துவிட வேண்டும். அது அவர்களே வைத்துக்கொண்ட ஏற்பாடு. மரத்துப்போன காலில் முள் ஏறினாலும் தெரியாதே!

"என்னைத் தொடாதீங்க!" என்று சீறினாள் புதிதாக வந்த கருப்பி. பெற்ற பிள்ளைகூட அவளைத் தொட்டு மூன்று வருஷம் ஆகிறது. வெகுநாளாக ஊசிக்கு வரும் இன்னாசியம்மாள் விடவில்லை. காலை மடியில் இழுத்துப் போட்டு, விரல் நீள முள்ளைப் பிடுங்கிக் காட்டினாள்.

"இதோடயா நடந்து வந்தே? நல்லாருக்குடி!" என்று திட்டிவிட்டுத் தன் காலை நீட்டினாள். "இப்ப என்னுதைப் பாரு."

ஊசி போட்ட வலியில், இனி இந்தப் பக்கமே வருவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டுப் போனாள் கருப்பி.

அடுத்த வியாழன் முதல் ஆளாக வந்து நின்றாள். கம்பவுண்டர் ஊசியை எடுத்தார்.

"அது கெடக்கட்டுங்க," என்றாள். "மொதல்ல அக்கா காலைப் பாக்கணும்."