வச்சிடறேன் என்று சொன்ன பிறகு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்கு என்னிடம் இருந்தது ஒரே ஒரு வாக்கியம், அதுவும் என்னுடையது இல்லை. பேருந்து நிறுத்தத்தில் எனக்கு முன்னால் நின்ற பெண் தன் தோழியிடம் சொன்னாள்: “எங்கம்மாவும் பெரியம்மாவும் ஃபோனை வைக்கவே மாட்டாங்கடி, அதைத்தான் நான் ஹானர்ஸுக்கு எடுத்திருக்கேன்.” பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டார்கள். ஃபோனை வைக்காமல் இருப்பதற்குக்கூட ஒரு பல்கலைக்கழகம் பட்டம் கொடுக்குமா என்ற சந்தோஷத்தில் நான் அதே பேருந்தை விட்டுவிட்டேன். மீதி எல்லாம் நான் கட்டிவிட்டது.

2

முதல் வரி முயற்சிகள்:

‘மொழி என்பது மனித குலத்தின்’ (வேண்டாம். இதற்கு மேல் ஒருவரும் படிக்க மாட்டார்கள்.)

‘மழை பிடித்துக்கொண்டது. மொழியியல் துறையின் மூன்றாவது மாடி ஜன்னலில்’ (எந்த மழை? இந்தக் கதையில் மழைக்கு வேலையே இல்லை.)

‘அவளை வீட்டில் குட்டி என்று கூப்பிட்டார்கள்.’ ம். இது இருக்கட்டும்.

3

அவளை வீட்டில் குட்டி என்று கூப்பிட்டார்கள். வயது இருபத்திரண்டு, கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம், ஆனாலும் குட்டிதான்.

ஹானர்ஸ் என்பது மூன்று வருடப் படிப்பை முடித்தும் ஆசை அடங்காதவர்கள் கூடுதலாகப் படிக்கும் ஒரு வருடம். வகுப்பு குறைவு, தலைப்பு ஒன்று, ஆய்வேடு ஒன்று. தேறினால் ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகலாம். தேறாவிட்டால், “மொழியியல் படிச்சியே, மொத்தம் எத்தனை பாஷை தெரியும்?” என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே காலத்தை ஓட்டலாம். குட்டிக்கு அந்த வருடத்தின் மேல் உயிர். ஹானர்ஸ் மாணவர்களுக்கென்று துறை ஒதுக்கியது ஜன்னல் திறக்காத, காலி பிரிண்டர் அட்டைப்பெட்டிகள் கூரைவரை அடுக்கிய ஓர் அறை. அதன் சாவி கைக்கு வந்த அன்று அவள் படிக்கட்டில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள்.

அவளுடைய மேற்பார்வையாளருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘அடிக்குறிப்பு’. மேலே ஒன்றைச் சொல்லி, கீழே சின்னதாக இன்னொன்றைச் சேர்ப்பார்.*

“ஃபோன் பேச்சு எப்படி முடியுதுங்கறது பிரமாதமான தலைப்பு,” என்றார். பிறகு குரலைத் தணித்து, “ஆனா நிஜப் பேச்சு வேணும். இந்தப் பருவம் முடியறதுக்குள்ள பதிவுகள் வரலைன்னா, உங்களை ஹானர்ஸ்ல வச்சிருக்க எனக்கு வழியில்லை” என்றார்.

குட்டி மனசுக்குள் சிரித்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் பேச்சுக்கா பஞ்சம்!

* (முதல் வரைவில் இவரைக் கொடுமைக்காரராக எழுதினேன். ஒட்டவே இல்லை. இப்போது நல்ல மனிதர். ஓயாத இருமல் மட்டும் கொடுத்திருக்கிறேன்.)

4

அம்மா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். பெரியம்மா வேறு ஊரில், தனியாக. பெரியப்பா போய்ப் பல வருடமாயிற்று. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது பெரியம்மாவின் தொழில். அக்காவும் தங்கையும் ஞாயிறு தவறாமல் ஃபோனில் பேசுவார்கள். முதல் அரைமணி நேரம் வாஷிங் மெஷின் போடும் சத்தம், கடையில் பொருந்தாத ஃபிரேமைக் கேட்டு அடம்பிடித்தவர், இப்படிப் போகும். அதற்குப் பிறகுதான் விஷயமே ஆரம்பிக்கும்.

“சரிடி, வச்சிடறேன்.”

“சரிக்கா.”

“வேற என்ன?”

“வேற ஒண்ணும் இல்ல. சாப்டியா?”

“ஆச்சு. சரி, வச்சிடட்டா?”

“வையி. ஆங், அக்கா, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்.”

குட்டி பிறக்கப்போகிறாள் என்பது, அப்பாவுக்கு வேலை போனது, பெரியப்பாவைப் பற்றி டாக்டர் சொன்னது, எல்லாமே இந்தச் சகோதரிகளுக்குள் ‘வச்சிடறேன்’ சொன்ன பிறகுதான் சொல்லப்பட்டன. நேராக ஆரம்பித்தால் வாய் வராது. ஒரு கால் வாசலுக்கு வெளியே இருந்தால்தான் வரும்.

இதையெல்லாம் குட்டி ஆராயட்டும் என்றுதான் நானும் இருந்தேன். ஆனால் பல்கலைக்கழகத்தின் அறநெறிக் குழு ஒரு நிபந்தனை போட்டது: பதிவு செய்யப்படுகிறவர்களுக்கு ஆய்வின் நோக்கத்தை முழுமையாக விளக்க வேண்டும். குட்டி விளக்கினாள். படம் போட்டு, அம்புக்குறி போட்டு விளக்கினாள். “நீங்க ரெண்டு பேரும் ஃபோனை எப்படி வைக்கிறீங்கங்கறதுதான் என் பரீட்சையே.”

பரீட்சை என்ற சொல்லை அவள் வாயில் நான்தான் போட்டேன். போட்டிருக்கக் கூடாது.

5

ஞாயிற்றுக்கிழமை. மேசைமேல் ஸ்பீக்கரில் ஃபோன், பக்கத்தில் பதிவுக் கருவி, அதில் சிவப்பு விளக்கு.

“அக்கா, உங்களுடன் உரையாடியதில் மிக்க மகிழ்ச்சி,” என்றாள் அம்மா.

உங்களுடன்! பிறந்ததிலிருந்து வாடி போடி என்று வளர்ந்தவர்கள்.

“எனக்கும் மகிழ்ச்சி. இத்துடன் நமது பேச்சு நிறைவு பெறுகிறது. வணக்கம்,” என்றாள் பெரியம்மா. டொக்.

அம்மா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். முகமெல்லாம் பெருமை. “எப்படி? பிசிறில்லாம முடிச்சோம்ல? வாரம் பூரா மெசேஜ்லயே ஒத்திகை பாத்தோம். உங்க பெரியம்மாதான் சொன்னா, இண்டிகேட்டர் போடு, கண்ணாடி பாரு, பிரேக் அடி, அவ்வளவுதான்னு.”

“அம்மா, நீங்க வழக்கமா எப்படிப் பேசுவீங்களோ அப்படிப் பேசினாப் போதும்.”

அடுத்த ஞாயிறு அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள். “அக்கா, இப்போது நான் வழக்கம்போல் ‘வச்சிடறேன்’ என்று சொல்கிறேன்.”

“நானும் வழக்கம்போல் ‘வேற என்ன’ என்று கேட்கிறேன். வணக்கம்.” டொக்.

(இந்தப் பகுதியை எழுதும்போது நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். குட்டி சிரிக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.)

நடுவாரத்தில் பேசுவதையும் சகோதரிகள் நிறுத்திவிட்டார்கள். பதிவில்லாமல் பேசினால் பேச்சு வீணாகிவிடுமாம். பருவம் முடிந்துகொண்டிருந்தது. அடிக்குறிப்பு பதிவுகளைக் கேட்டார், இருமினார், “ரொம்பத் தெளிவா இருக்கு” என்றார். கீழே, “செய்தி வாசிக்கிறவங்களா?” என்று சேர்த்தார்.

6

இங்கே எனக்குப் பெரியம்மாமேல் சந்தேகம் வந்தது. இத்தனை சுறுசுறுப்பான ஒருத்தியை வெறும் வேடிக்கைக்கா கதைக்குள் கொண்டுவந்தேன்? அவளுக்கென்று சொல்ல ஒன்றுமே இல்லையா?

எனக்கு முன்பே அம்மாவுக்கு இது தோன்றியிருக்கிறது. ஒரு ஞாயிறு ‘வணக்கம்’ ஆன பிறகும் அவள் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“என்னம்மா?”

“அக்கா என்னமோ சொல்ல வந்தா. மூச்சு இழுத்தா பாரு, எனக்குக் கேட்டுச்சு. அதுக்குள்ள நான் வணக்கம் சொல்லிட்டேன்.”

“திரும்பக் கூப்பிடேன்.”

“கூப்பிட்டு? என்ன சொல்ல வந்தேன்னு கேட்டா ஒண்ணுமில்லைன்னுடுவா. அவளை எனக்குத் தெரியாதா.”

குட்டிக்குத் தன் ஆய்வு இரண்டு பேரின் வாயைக் கட்டிப்போட்டுவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. அந்த அறை, அந்தச் சாவி, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே தனக்குக் கிடைத்த நாற்காலி, எல்லாவற்றையும் நினைத்து ஒருமுறை கண்ணை மூடித் திறந்தாள்.

“தலைப்பை மாத்தியாச்சும்மா. இனிமே பதிவு கிடையாது,” என்று ஒரு பொய் சொல்லி, கருவியை மேசை இழுப்பறையில் போட்டு மூடினாள்.

7

ஞாயிறு. பழக்க தோஷத்தில் ஸ்பீக்கரில்தான் பேசினார்கள்.

“சரிடி, வச்சிடறேன்.”

“சரிக்கா.”

(மூச்சு.)

“வேற என்ன?”

“நீதான் சொல்லணும்.”

“நான் என்ன சொல்லப்போறேன். வச்சிடட்டா?”

“வையி.”

“ஆங், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்.”

(இந்த வரி என்னைக் கேட்காமல் வந்தது. எழுந்து அறைக்குள் இரண்டு சுற்று நடந்தேன்.)

“யாருக்கா அது?” அம்மாவின் குரல் ஏறியது.

“அந்தப் பல் டாக்டர்டி. ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவர்.”

“லைசன்ஸ் டெஸ்ட்ல ஃபெயிலாகிட்டே இருந்தாரே, அவரா!”

“கடைசி ரெண்டு தடவை வேணும்னே ஃபெயிலானாராம். பாஸாயிட்டா எங்கிட்ட வகுப்புக்கு வர முடியாதே.”

குட்டி சிரிப்பை அடக்க முடியாமல் சோபா குஷனில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“எப்போ முடிவாச்சு?”

“அது ஆச்சுடி, ஒரு மாசத்துக்கு மேல. ஒவ்வொரு வாரமும் சொல்லணும்னுதான். நீ டக்குனு வணக்கம் சொல்லிடறியே.”

அம்மா பட்டென்று ஃபோனைத் துண்டித்தாள். வச்சிடறேன் இல்லை, வேற என்ன இல்லை. அக்காவின் இத்தனை பெரிய சந்தோஷம் ஒரு மாதமாகத் தெரியாமல் இருந்திருக்கிறோம் என்பது அவளுக்குத் தாங்கவில்லை.

8

முடிவு ஒன்று: குட்டி எல்லாவற்றையும் ஞாபகத்திலிருந்து எழுதி, முதல் வகுப்பில் (இது ஏமாற்று வேலை. அறநெறிக் குழு என்னைச் சும்மா விடாது.)

முடிவு இரண்டு: அக்காவும் தங்கையும் வருடக்கணக்காகப் பேசாமல் (எனக்கு மனசு வரவில்லை. கல்யாணத்தை வைத்துக்கொண்டு யார் இதை எழுதுவது?)

முடிவு மூன்றை நான் யோசிப்பதற்குள் ஃபோன் அடித்தது. பெரியம்மாதான்.

அம்மாவின் மூக்கு சிவந்திருந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எழுதுகிற எனக்கே தெரியவில்லை. “குட்டி, அந்த மெஷினை எடு.”

“எதுக்கும்மா?”

“எடுன்னா எடு. தலைப்பை மாத்திட்டியாம். பொய்னு உன் மூஞ்சியே சொல்லுது. இப்போ அவளை நான் கேக்கப்போறதெல்லாம் பதிவாகட்டும். உனக்கும் ஆச்சு, எனக்கும் ஆச்சு.”

குட்டி கருவியை எடுத்துவிட்டாள். விளக்கு எரிந்தால், அம்மாவே சம்மதித்த, பருவம் முடிவதற்குள் கைக்கு வந்த பதிவு. அந்த வருடம் அவளுடையது. ஆனால் விளக்கைப் பார்த்ததும் அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு ‘மிக்க மகிழ்ச்சி’ என்று ஆரம்பித்துவிட்டால்? அக்காவின் கல்யாணத்துக்குத் தங்கை சொல்லும் முதல் வார்த்தை அதுவாக இருந்துவிட்டால்?

ஒரு வரைவில் பதிவுப் பொத்தானை அழுத்தினாள். ஒரு வரைவில் அழுத்தவில்லை. இரண்டையும் கிழித்துவிட்டேன், இதற்கு மேல் என்னால் ஆகாது. கருவியை நீங்கள் பிடியுங்கள். சீக்கிரம், அம்மா ஃபோனை எடுத்துவிட்டாள்.

“சொல்லுக்கா,” என்கிறாள்.

உங்கள் கட்டைவிரல் எங்கே இருக்கிறது?