மேட்டு வீடு

கமிட்டியில் ஒரு பெண் கட்டாயம் இருக்க வேண்டும் என்று அரசாங்கம் விதி போட்டதே, அன்றைக்கு ஆரம்பித்தது என் வீட்டுத் தலைவலி.

கடல் ஏறிக்கொண்டே வருகிற கரையூர்களை மேட்டுக்குக் கொண்டுபோவதற்காகப் போட்ட விதிகள் அவை. பிஜியில் எங்களைப் போல எத்தனையோ ஊர்கள் அந்த வரிசையில் நிற்கின்றன. என் மனைவி டிட்டிலியா மாதர் சங்கத்துக்குத் தலைவி, தேவாலயச் சபைப் பாட்டுக்குழுவில் முதல் குரல். கமிட்டி நாற்காலி தனக்குத்தான் என்று புது உடுப்புக்குத் துணியே எடுத்துவிட்டாள். பெரியவர்கள் கூடினார்கள், யங்கோனா வேரைக் கரைத்துக் குடித்தார்கள், கடைசியில் என் தங்கை உலாமிலாவின் பெயரைச் சொன்னார்கள். டிட்டிலியா அந்தத் துணியைத் தலையணை உறையாகத் தைத்துவிட்டாள்.

எங்களுடையது பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். டிட்டிலியாவை நான் கட்டினேன், அவள் அண்ணன் நெமானி என் தங்கையைக் கட்டினான். ஆகவே இவளுக்கு அவள் மதினி, அவளுக்கு இவள் மதினி. எங்கள் பக்கம் மதினிமார் ஒருவரையொருவர் எவ்வளவு கேலி செய்தாலும் குற்றமில்லை. முன்பெல்லாம் இருவரும் நண்டு பிடிக்கப் போனால் சிரிப்புச் சத்தம் கரைவரை கேட்கும். உலாமிலா தலைநகர் சுவாவுக்குக் கூட்டத்துக்குப் போய், கழுத்தில் பெயர் அட்டையும் காலில் குதி உயர்ந்த செருப்புமாகத் திரும்பி வந்தபின், கேலியில் முள் முளைத்தது.

"மணல்ல அந்தச் செருப்பு புதையுது பாரு, கடல் ஏறலை, இவதான் கீழ இறங்குறா" என்று கிணற்றடியில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள் டிட்டிலியா.

உலாமிலாவும் சளைத்தவள் இல்லை. "மதினி, பொறாமையில உன் மூஞ்சி உப்புத் தண்ணில ஊறின மாதிரி இருக்கு" என்றாளாம். அதைச் சொல்லிச் சொல்லி என் மனைவி ஒரு வாரம் சட்டிகளை ஓசைப்படுத்தினாள்.

நான் நடுவில் புகுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். எங்களில் வயது வந்த அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை. அவள் இருக்கிற அறைக்குள் நான் போவதில்லை, எதிரே வந்தால் இருவரில் ஒருவர் ஒதுங்கிவிடுவோம். அது பகை அல்ல, மரியாதை. அவளுக்குச் சொல்ல வேண்டியதை நான் டிட்டிலியாவிடம் சொல்வேன், அவளும் அப்படியே. எங்களுக்கு இருந்த ஒரே வழி டிட்டிலியாதான், அந்த வழியில்தான் இப்போது பொறாமை கால் நீட்டிப் படுத்துக்கிடந்தது.

மேட்டில் எல்லாருக்கும் ஒரே தடவையில் வீடு கட்டப் பணம் இல்லை. கடல் எந்த வீட்டுக்குள் அதிகம் வருகிறதோ அந்த வீட்டுக்கு முதல் தவணையில் இடம். அப்படிப் பார்த்தால் எங்கள் வீடுதான் முதல் வீடு. கடலில் பெரிய ஏற்றம் வந்தால் தரைப்பலகை இடுக்கு வழியாகத் தண்ணீர் கொப்பளிக்கும். குழந்தைகள் இரண்டையும் மேசைமேல் தூக்கிப் படுக்கவைப்போம். சின்னவளுக்கு அந்த ஈரத்திலேயே இருமல் நிலைத்துவிட்டது. எனக்கு அந்த மேட்டு வீடு வேண்டும். வேறெதையும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

அதிகாரி வீடு வீடாகப் பார்க்க வருகிறார் என்ற செய்தியோடு உலாமிலா எங்கள் வாசலுக்கு வந்தாள். நான் வழக்கப்படி பின்பக்கம் நகர்ந்துகொண்டேன்.

"மதினி, நாளைக்கு ஒண்ணையும் கூட்டாதே, கழுவாதே. இருக்கிறது இருக்கிறபடியே அந்தம்மா பார்க்கட்டும்" என்றாள். அதிகாரிக்குச் சாப்பாடு தன் வீட்டில் என்றும் போகிற போக்கில் சொன்னாள். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"நான் அழுக்கு மூட்டையா உக்காந்திருக்கணும், அவ வீட்டுல விருந்தா?" என்று டிட்டிலியா பொங்கினாள். எங்களில் விருந்தாளி வருகிற வீட்டில் ஒரு தூசி இருந்தாலும் அந்த வீட்டுப் பெண்ணுக்கு மானக்கேடு. அன்று சாயங்காலத்துக்குள் உப்புக் கறை ஏறிய சுவரில், சபைக்குப் பூசி மீந்த வெள்ளைப் பெயின்ட் ஏறியது. ஊறி மெத்துப்போன பலகைமேல் பாய்க்குமேல் பாயாக விரித்து, எல்லாவற்றுக்கும் மேலே கல்யாணப் பாயைப் போட்டாள். வேண்டாம் என்றேன். "உங்க தங்கச்சி பக்கம் பேசாதீங்க" என்றாள்.

மறுநாள் அதிகாரி வந்தபோது தேங்காய்ப்பாலில் வெந்த மீனும் மரவள்ளிக் கிழங்கும் தயாராக இருந்தன. அந்த அம்மாள் பாயில் உட்கார்ந்தார், சாப்பிட்டார், வீடு அழகாக இருக்கிறது என்றார். உலாமிலாவும் கூட இருந்ததால் நான் வெளியே சுவரோரம் நின்றேன். உள்ளே தண்ணீர் வருமா என்று அதிகாரி கேட்டது என் காதில் விழுந்தது.

"எங்க வீட்டுக்குள்ளயா? வாசல் வரைக்கும் வரும், அப்படியே திரும்பிப் போயிடும்" என்றாள் என் மனைவி, ஏதோ கடலுக்கே அவளிடம் பயம் என்பதுபோல.

உள்ளே ஓடிப்போய்ப் பாயைத் தூக்கிக் காட்டியிருக்க வேண்டும். தங்கை உள்ளே இருக்கிறாளே என்று கால் எழவில்லை.

முதல் தவணைப் பெயர்களைச் சபை வாசலில் படித்தார்கள். நெமானி உலாமிலா பெயர் இருந்தது, எங்கள் பெயர் இல்லை. எல்லாம் உலாமிலாவின் கைவரிசை என்று டிட்டிலியா சாதித்தாள். அடுத்த நாள் விடியற்காலை ஏற்றத்தில் தண்ணீர் கொப்பளித்து, கல்யாணப் பாய் நடுவீட்டில் மிதந்தது. ஆட்சேபணை கேட்க இன்னும் ஒரு கூட்டம் உண்டு, அதற்குள் மதினியிடம் போய் உண்மையைச் சொல் என்றேன். "அவகிட்ட போய் நிக்கிறதுக்கு இந்தத் தண்ணிலயே கிடந்து சாவேன்" என்றாள். மேசைமேல் சின்னவள் இருமிக்கொண்டிருந்தாள். அன்றுதான் என் பொறுமை போனது.

கூட்டத்தில் யாருக்காவது ஆட்சேபணை உண்டா, கமிட்டியிடம் சொல்லலாம் என்றார் அதிகாரி. டிட்டிலியா உதட்டைக் கடித்துத் தரையைப் பார்த்தாள். கமிட்டி வரிசையில் எனக்கு நேர் எதிரே தங்கை உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்தேன்.

"உலாமிலா, எங்க வீட்டுக்குள்ள தண்ணி வருது" என்றேன்.

மீசை முளைத்தபின் அவள் பெயரை அவள் முகத்துக்கு நேரே நான் சொன்னது அன்றுதான். பெரியவர்கள் கையிலிருந்த யங்கோனாக் கிண்ணம் அப்படியே நின்றது. உலாமிலா என்னைப் பார்க்கவில்லை, கண் கலங்கி என் மனைவி பக்கம் திரும்பினாள்.

"மதினி, உன் வீட்டுக்காரருக்குச் சொல்லு. நான் அன்னிக்கே ஆபீசரம்மாகிட்ட சொன்னேன். வீட்டுக்காரியே தண்ணி வரலேன்னு சொல்லிட்டா கமிட்டிக்காரி பேச்சு செல்லாதாம். இப்ப நீயே சொல்லு."

ஊரே டிட்டிலியாவைப் பார்த்தது. "வருது" என்றாள், பாட்டுக்குழுவில் முதல் குரலாய்ப் பாடுகிறவள், பக்கத்தில் இருந்தவளுக்கே கேட்காதபடி.

அதிகாரி தயங்கிவிட்டு உள்ளதைச் சொன்னார். தவணையில் இடம் நிறைந்துவிட்டது. ஒரு வீடு உள்ளே வந்தால் ஒரு வீடு வெளியே போக வேண்டும். பட்டியலில் இருக்கிற வீடுகளில் தண்ணீர் குறைவாக வருவது உலாமிலா வீட்டுக்கு. ஆனாலும் அவர்கள் சம்மதம் இல்லாமல் பெயரை எடுக்க விதியில் இடமில்லை.

"எங்க பேரை எடுத்துட்டு அவங்க பேரை எழுதுங்க" என்றாள் என் தங்கை. நெமானி அவளை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையாட்டினான். அடுத்த தவணைக்கு எப்போது பணம் வரும் என்று ஒரு கிழவர் கேட்க, அது தெரியாது என்றார் அதிகாரி. ஆண்கள் கை குவித்து மெதுவாகத் தட்டினார்கள். எங்களில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது, பெண்ணுக்காக அப்படித் தட்டி நான் கேட்டதில்லை.

வீடு கிடைத்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் டிட்டிலியா படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இனி என்ன குறை என்று கேட்டேன்.

"அவ இங்க தண்ணில கெடப்பா, நான் மேட்டுல உக்காந்து அதைத் தினமும் பார்க்கணும். இனிமே அவளை ஒரு வார்த்தை திட்ட முடியுமா என்னால? அதையும் பிடுங்கிக்கிட்டாளே பாவி."