கனகாம்பரத்துக்குத் துணை

இன்னிக்குப் பூத்திருக்கும். நேத்து சாயங்காலமே கதிர் நுனியில ஒரு கீற்று மஞ்சள் தெரிஞ்சுதே, அது பழுத்த இலையா இருக்காது. பூவேதான். தாயே, பூவா இருக்கணும்.

பச்சையம்மா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஏரித் தீவான தன் ஊர் பசியாவரத்தில் படகு ஏறியதிலிருந்து அவளுடைய கால் கட்டைவிரல் மட்டும் பலகையைத் தட்டிக்கொண்டே இருந்தது. கோல் ஊன்றிக்கொண்டிருந்த அவள் புருஷன் மாரி அதைப் பார்த்துவிட்டான்.

"இன்னாடி, படகுக்கு முன்னாடி நீ போய்ச் சேந்துடுவே போலக்கீது?"

"பேசாம சீக்கிரம் ஊனு."

"உன்னைப் பொண்ணு பாக்க வராங்களா?"

அவள் ஏரித் தண்ணீரை அள்ளி அவன்மேல் எறிந்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. எதற்குச் சிரிக்கிறோம் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கோட்டைக்குப் பின்னால் இருந்தது அந்த வீடு. வீட்டுக்காரர் கும்பினி வியாபாரி. மனைவி கத்தரீனா நாகப்பட்டினத்தில் பிறந்தவள், அம்மா தமிழச்சி. அதனால் வெள்ளைக்கார உடுப்புக்குள்ளிருந்து தெற்கத்தித் தமிழ் வரும். கொல்லையில் இரண்டு புங்கமரங்கள். அந்த நிழலில் எதுவும் பிழைத்ததில்லை. கப்பலில் வந்த விதைகளெல்லாம் முளைக்காமலே மக்கின. மீன் கொண்டுவந்த பச்சையம்மாவிடம் ஒருநாள் கத்தரீனா சலிப்போடு கேட்டாள்: "இங்கே என்ன வைக்கலாம்? உனக்கு என்ன தோணுது?"

உனக்கு என்ன தோணுது. முப்பத்திரண்டு வயதில் முதல்தடவையாகக் காதில் விழுந்த கேள்வி. கட்டிக்கொள்ளும் புடவையிலிருந்து கட்டிக்கொண்ட புருஷன்வரை யாரோ எடுத்துக் கொடுத்ததுதான். எதோடு எது சேரும் என்று அவளை யாரும் கேட்டதில்லை. அன்று வீடு திரும்பும்வரை அந்தக் கேள்வியைப் புளியங்கொட்டை மாதிரி வாய்க்குள் புரட்டிக்கொண்டே போனாள்.

பொன்னேரிப் பக்கம் மீனுக்கு நெல் கொடுக்கும் ஒரு வீட்டில், மாட்டுக்கொட்டகை நிழலில் கனகாம்பரம் பூப்பது நினைவுக்கு வந்தது. நாற்று வாங்கி வந்து நட்டாள். பசியாவரத்தில் பூசணிக்கு ஊற்றுவதுபோல மீன் கழுவிய தண்ணீரை ஊற்றினாள். எட்டாம் நாள் இலையெல்லாம் ஓரம் கருகிப்போயிற்று. அவர்கள் ஊர் மணலில் அந்தத் தண்ணீர் ஒரு நொடியில் இறங்கிவிடும். இங்கே களிமண்; உப்பு அப்படியே தங்கிவிட்டது.

இரண்டாம் முறை கிணற்றுத் தண்ணீர் ஊற்றினாள். அந்தக் கிணறும் கொஞ்சம் கரிப்புதான். செடிகள் மெல்ல மெல்ல வாடின. ஒன்று மட்டும் பச்சையாக நின்றது. பச்சையம்மா அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். அதன் காலடியில் உமரி முளைத்திருந்தது. ஏரிச் சேற்றில் தானாக வளர்கிற உமரி. அவள் மீன்கூடையின் அடியில் ஒட்டிவந்த சேற்றிலிருந்து விழுந்திருக்க வேண்டும். ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டாள். உப்பு! மண்ணிலிருக்கும் உப்பை இது குடித்துக்கொள்கிறது, பக்கத்தில் இருப்பவள் பிழைத்துக்கொள்கிறாள். எழுந்து யாரிடமாவது ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

மூன்றாம் முறை யாரையும் கேட்காமல் நட்டாள். காலை வெயில் எட்டிப்பார்க்கிற ஓரமாக, ஒரு கனகாம்பரம், ஓர் உமரி என்று மாற்றி மாற்றி. ஈரம் காயாமலிருக்கத் தரையெல்லாம் வல்லாரை. பின்னால் மஞ்சள் செடி வைத்துப் பார்த்தாள். பூவின் நிறத்தோடு அது சண்டை போடும் என்று பட்டது. பிடுங்கிவிட்டு அகலக் கரும்பச்சை இலையோடு சேம்பு வைத்தாள்.

படகு கரை தட்டியதும் இறங்கி ஓடினாள். கொல்லைக் கதவருகே சமையல்காரி செல்வம்மாள் வழிமறித்தாள்.

"வந்துட்டா தோட்டக்காரி. மீனு எங்கடி?"

பச்சையம்மா தன் வெறுங்கையைப் பார்த்தாள். கூடை படகிலேயே இருந்தது.

"அடிப்பாவி! துரைக்கு இன்னா, கனகாம்பரக் கொழம்பா வைக்கறது?"

பதில் சொல்ல அவள் அங்கே இல்லை.

பூத்திருந்தது. ஒன்றில்லை, மூன்று செடியில் ஏழு பூ. நிழலுக்குள் விளக்கேற்றி வைத்ததுபோல. சேம்பிலைக்கு முன்னால் அந்த நிறம் இன்னும் பளிச்சென்று எரிந்தது. அவள் எதிர்பாராத ஒன்றும் நடந்திருந்தது. உப்பைக் குடித்துக் குடித்து உமரி நுனியெல்லாம் சிவந்துவிட்டிருந்தது.

"பச்சை! பூத்திட்டுது, பார்த்தியா!" பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தரீனா ஓடிவந்து அவள் இரண்டு கையையும் பற்றிக் குலுக்கினாள். இருவரும் சின்னப் பிள்ளைகள்போல மாறி மாறிப் பூவை எண்ணினார்கள்.

பிறகு கத்தரீனாவின் முகம் கொஞ்சம் மாறியது.

"நாளைக்கு பெரிய துரையோட மனைவி வர்றாங்க. ஒல்லாந்துச் சீமையிலேயே பிறந்தவங்க." கிணற்றடியில் கிடந்த, களை கொத்தும் களைக்கொட்டை எடுத்து நீட்டினாள். "இந்தச் சேத்துச் செடியை மட்டும் பிடுங்கிடு. பூ மட்டும் நிக்கட்டும். இது என்னன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"இது போனா அது கருகிடும்மா."

"கருகினா கருகட்டும், அப்புறம் பார்ப்போம். நாளைக்கு ஒருநாள் பார்க்க அழகா இருந்தாப் போதும்."

பச்சையம்மா களைக்கொட்டை வாங்கிக்கொண்டாள். வாங்கித்தான் பழக்கம். 'சரிம்மா' என்று சொல்ல உதடு தானாகக் குவிந்தது. அந்த உதட்டை அவளே வெளியிலிருந்து பார்ப்பதுபோல இருந்தது. எத்தனை 'சரி'! ஒன்றுகூட அவள் யோசித்துச் சொன்னதில்லை. இந்த நிழலில் மட்டும்தான் ஒவ்வொன்றும் அவள் யோசித்து வைத்தது. கத்தரீனாவின் கண்ணில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. நாகப்பட்டினத்து அம்மாவைப் பற்றி வருபவள் கேட்டாலும் இவள் இப்படித்தான் விழிப்பாளோ என்று தோன்றியது. பாவமாகக்கூட இருந்தது. ஆனாலும் 'சரி' வரவில்லை.

"இல்லம்மா," என்றாள் மெதுவாக. "நான் பிடுங்க மாட்டேன்."

களைக்கொட்டைக் கிணற்றுச் சுவர்மேல் வைத்துவிட்டு, குடத்தை எடுத்து, முதலில் உமரிக்குத் தண்ணீர் ஊற்றினாள்.