பூக்காத யமபோஷி

ஈடா ஊரில் எங்கள் முன்தோட்டத்து யமபோஷிப் பூமரத்துக்கு வயது ஒன்பது. நட்டவர் என் கணவர் தமோத்சு. இரண்டடிக் குழி, மக்கிய இலை, வேர்மேல் வைக்கோல், கோடையில் நாள் தவறாத தண்ணீர் என்று எல்லாம் முறைப்படி. மரம் கூரையைத் தாண்டி வளர்ந்தது. பூ மட்டும் இல்லை.

"இந்த ஜூனும் பூக்கலன்னா வெட்டிடுவேன்" என்று மரத்திடமே சொல்லிவிட்டார்.

ஜூன் மழையோடு வெள்ளைத் துணுக்குகள்தான் விழுந்தன, ஊறிக் கூழாகி.

"பக்கத்து வீட்டம்மா மாடியில துணி காயப்போடறாங்கல்ல? பாக்கெட்ல டிஷ்யூவ வெச்சே துவைச்சிருக்காங்க. மூணு வருஷமா!"

"போய்ச் சொல்லுங்களேன்."

"சங்கடப்படுவாங்கடி." தினமும் அவரே பெருக்கினார்.

அந்தப் பக்கத்து வீட்டு முராகோஷி அம்மா ஜூன்தோறும் இனிப்புப் பெட்டியோடு வருவார். "இந்த வருஷமும் உங்க புண்ணியத்துல..." என்று இழுத்து, குனிந்து வணங்கிவிட்டுப் போவார்.

"பாத்தியா, டிஷ்யூவுக்கு மன்னிப்பு" என்பார் இவர்.

வெட்டும் நாள் வந்தது; கூலிக்கு அமர்த்திய ஆள் மரத்தில் ஏணியைச் சாத்தினான். ரம்பச் சத்தத்துக்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்க, எங்கள் ஊர் வழக்கப்படி உறையிட்ட புதுத் துவாலை ஒன்றோடு இருவரும் பக்கத்து வீட்டுக்குப் போனோம்.

"மரத்த வெட்டறோம். கொஞ்சம் சத்தமா இருக்கும், மன்னிக்கணும்."

முராகோஷி அம்மா வெளிறிப்போனார். "அப்படியா... உங்க மரம், நான் என்ன சொல்ல... மாடியில ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்களேன்."

மாடி ஜன்னலைத் திறந்தார். கீழே எங்கள் மரம், உச்சியெல்லாம் வெள்ளை. பூக்கள் அத்தனையும் வானத்தைப் பார்த்து விரிந்திருந்தன. ஒற்றைத்தள வீட்டிலிருந்து நாங்கள் பார்த்ததெல்லாம் மரத்தின் அடிவயிறு.

"மூணு வருஷமா பூக்குது" என்றார்.

"சொல்லவே இல்லியே!"

"உங்க வீட்டுப் பூவ உங்ககிட்டயே சொல்றது மரியாதையா இருக்காதேன்னு..."

கீழே ரம்பம் உறுமியது. இவர் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டினார்.

"நிறுத்துப்பா! பூத்திருக்கு!"

ஏணியில் நின்ற ஆள் நிமிர்ந்தான். "வீட்டுக்காரர் வெட்டச் சொல்லிருக்காருங்க!"

"நான்தான்யா வீட்டுக்காரன்!"

"அப்ப அங்க ஏன் நிக்கறீங்க?" ரம்பத்தை அணைத்தான். "பூத்த மரத்த ஏன் வெட்டறாங்கன்னு நானும் யோசிச்சேன். கேக்கறது முறையில்லன்னு விட்டுட்டேன்."

மதியம்வரை இவர் ஜன்னலை விட்டு அசையவில்லை. நான்காவது தேநீரை ஊற்றிவிட்டு, மதியத்துக்கு நூடுல்ஸ் மூன்று பேருக்குச் சொல்லட்டுமா என்று முராகோஷி அம்மா என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.