கடல் ஜெயித்த நாள்

என் வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் வைத்த பெயர் கடல். அவருடைய ஜோடி ஆளுக்கு மலை. இவர் பிறந்தது கடலோர ஊரில், அவர் பிறந்தது மலைமேல் இருக்கிற ஊரில் என்பதைத் தவிர அந்தப் பெயர்களுக்கு வேறு பொருத்தம் கிடையாது. இவருக்கு நீச்சல் தெரியாது. மலை அண்ணனுக்கு இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்கும். இருவருக்கும் லிஃப்ட் ரிப்பேர் வேலை. நின்றுபோன லிஃப்டைப் பார்க்கப் போகிறவன் படியேறித்தானே ஆகவேண்டும்? அதனால் உச்சியில் இருக்கும் மெஷின் ரூமுக்கு எப்போதும் இவர்தான் போவார். மலை அண்ணன் அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கிவிடுவார். கடல் மேலே, மலை கீழே என்று கம்பெனியே சிரிக்கும்.

அந்த வேலையில் இவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவர் தெரியமாட்டார். குழிக்குள் போன் சிக்னலும் எடுக்காது. கீழே ஆள் எங்கே நிற்கிறார் என்று தெரியாமல் மேலே இருப்பவர் பிரேக்கைத் தளர்த்திவிட்டால் அவ்வளவுதான். ஆகவே இருவரும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். இரும்புக் கயிறு இறங்குகிற ஓட்டை வழியாகக் குரல் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்க வேண்டும். குரல் நின்றால் கையும் நிற்க வேண்டும். "இருக்கியா?" என்று இவர் கேட்பார். "இருக்கேன்" என்று கீழேயிருந்து வந்த பிறகுதான் மறுபடி ஸ்பேனரைத் தொடுவார்.

நாள் முழுக்க இரண்டு ஆம்பளைகள் கத்திக் கத்தி என்னத்தைப் பேசுவார்கள்? குடும்ப விஷயத்தைக் கத்த முடியாது, எல்லா மாடிக்கும் கேட்கும். முதலாளியைத் திட்ட முடியாது, அதுவும் கேட்கும். மிச்சம் இருந்தது ஊர். எந்த ஊரில் வாழலாம், எந்த ஊரில் வாய்க்கு ருசியாகச் சாப்பிடலாம் என்று ஆரம்பித்தார்கள். வருஷக்கணக்காக அது ஓயவே இல்லை. எங்கள் ஊரில் மீன் துள்ளிக்கொண்டே சட்டிக்குள் வரும் என்பார் இவர். எங்கள் ஊர்த் தண்ணீரில் வெந்த வெறும் உருளைக்கிழங்கு முன்னால் உங்கள் மீன் நிற்குமா என்பார் அவர். காற்று, வெயில், பழம், பால், பக்கத்து வீட்டுக்காரர்களின் குணம், எதையும் விட்டுவைக்கவில்லை. மதியம் வேலையை நிறுத்தி, டிபன் பாக்ஸைத் திறந்து, ஒருவர் பாக்ஸிலிருந்து இன்னொருவர் எடுத்துத் தின்றுகொண்டே மறுபடியும் சண்டை. இவர்கள் வாய்ச்சண்டையைக் கேட்பதற்கென்றே படிக்கட்டில் வந்து உட்கார்ந்துகொள்கிற பெரியவர்கள் சில குடியிருப்புகளில் உண்டு.

இதில் உனக்கென்ன வந்தது என்று கேட்பீர்கள். அவர்கள் வேலை பார்த்த ஊர் என் ஊர். நான் பிறந்து வளர்ந்தது அங்கேதான். மலை அண்ணன் கல்யாணமே செய்துகொள்ளாதவர். எங்கள் தெருவிலேயே ஒற்றை அறையில் இருந்தார். ஆகவே அந்த இரண்டு டிபன் பாக்ஸையும் கட்டியது நான். அரிசியும் காயும் எங்கள் ஊர்க் கடைவீதியில் வாங்கியது. எங்கள் ஊர்ச் சோற்றைத் தின்றுகொண்டே இரண்டு பேரும் அவரவர் ஊர்ப் பெருமையை அளந்தார்கள். நாம் இருக்கிற இதுவும் ஒரு ஊர்தானே என்று ஒருவர் வாயிலிருந்தும் ஒரு நாளும் வந்ததில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் காலையில் எழுந்து இரண்டு பாக்ஸையும் கட்டுவேன்.

முதலாளி நல்லவர். நல்லவராக இருந்ததால்தான் வந்தது வினை. வியாபாரம் பெருகி, கடலோர ஊரில் ஒன்று, மலையூரில் ஒன்று என்று இரண்டு கிளை திறந்தார். இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, "ஊரு ஊருன்னு எத்தனை வருஷமா உருகறீங்க! போங்கய்யா, அவங்கவங்க ஊர்ல போய்ப் பொறுப்பா இருங்க. இது நான் உங்களுக்குச் செய்யற மரியாதைன்னு வெச்சுக்குங்க" என்றார். இரண்டு பேரும் பல்லைக் காட்டிவிட்டு வந்தார்கள்.

வீட்டுக்கு வந்தவர் காலணியைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் எனக்கு முதலில் என் வேலைதான் நினைவுக்கு வந்தது. மூக்குக் கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவேன். என் கை பட்ட கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் அந்தத் தெருவில் பாதிப் பேர் உலகத்தைப் பார்த்தார்கள்.

"போக உங்களுக்கு இஷ்டமா?" என்றேன்.

குனிந்து காலணியைக் கழற்ற ஆரம்பித்தார்.

"இஷ்டமில்லன்னா போய்ச் சொல்ல வேண்டியதுதானே? அவரென்ன கழுத்தைப் பிடிச்சா தள்றார்?"

"எப்படிம்மா சொல்றது? எங்க ஊரு மாதிரி உண்டான்னு இவ்வளவு நாள் பேசிட்டு, இப்ப போகலன்னு சொன்னா மலை என்ன நினைப்பான்? வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பான்."

"சிரிச்சுட்டுப் போறார்!"

"அவன் முதல்ல சொல்லட்டும். அடுத்த நிமிஷம் நான் சொல்றேன்."

மலை அண்ணன் பாக்ஸைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது அவரையும் கேட்டேன். "சொந்த ஊரு கசக்குமா தங்கச்சி?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். வறட்டு கௌரவத்தில் இரண்டு பேரும் ஒட்டிப் பிறந்தவர்கள்.

கடைசி வேலை நாளன்று சாப்பாட்டை நானே எடுத்துக்கொண்டு போனேன். பெரிய குடியிருப்பு. லிஃப்ட் நின்றிருந்ததால் படியேறிக்கொண்டிருந்தேன். ஒரு மாடியில் லிஃப்ட் கதவு கொஞ்சம் திறந்து, குறுக்கே தடுப்புப் பலகை வைத்திருந்தது. அந்த இடுக்கில் மேலேயிருந்தும் கீழேயிருந்தும் குரல்கள் வந்தன.

"யோவ், முதலாளிகிட்ட ஏதாச்சும் சொன்னியா?" இது கீழேயிருந்து.

"என்ன சொல்லணும்?"

"ஒண்ணுமில்ல, கேட்டேன்."

"நீ சொன்னியா?"

"நான் எதுக்குச் சொல்றேன்? ஊருக்குப் போறவன்."

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. ஸ்பேனர் சத்தமும் நின்றுவிட்டது. பாத்திரக் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போதாவது ஒருத்தர் வாயைத் திறக்கமாட்டாரா என்று அந்த இடுக்கில் காதை வைத்தேன்.

"இருக்கியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"இருக்கேன்."

ஸ்பேனர் மறுபடி ஓட ஆரம்பித்தது.

கடலோர ஊருக்கு வந்து சேர்ந்தோம். இவருடைய அண்ணன் வீட்டு மாடியில் குடித்தனம். வந்த அன்றே, இத்தனை வருஷம் பேசிப் பேசி மாளாத அந்த மீனை வாங்கிவந்து வறுத்தேன். நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்லக்கூடாது. இவர் பாதியைத் தின்றுவிட்டுத் தட்டை நகர்த்தினார். "நம்ம ஊரு மீனை அடிச்சுக்க முடியுமா?" என்றார் அவர் அண்ணன். "முடியாது" என்றார் இவர். பேச்சு அதோடு முடிந்துபோனது. சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் அதே ஊர்க்காரர்கள். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொள்கிற ஆட்களோடு இவர் என்னத்தைப் பேசுவார்?

புதுக் கிளையில் ஆளுக்கொரு வாக்கி டாக்கி கொடுத்திருந்தார்கள். கீழே இருக்கிற புது ஆள் 'ஓகே' என்பதைத் தவிர வேறு ஒரு வார்த்தை பேசுவதில்லையாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார். இளைத்துப்போய்க் கால்சட்டை இடுப்பில் நிற்காததால் பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக் கொடுத்தேன். நானோ வேலை இல்லாமல், தெரிந்த முகம் இல்லாமல், இவருடைய அண்ணன் குடும்பத்துக்கு நடுவில் விருந்தாளி மாதிரி வளையவந்தேன். இவரை நாலு வார்த்தை திட்டலாம் என்றால், அந்த முகத்தைப் பார்த்துத் திட்டவும் மனசு வரவில்லை.

ஒரு நாள் மாலை முதலாளி போனில் கூப்பிட்டார். "உங்க இடத்துக்கு வந்த ஜோடி சரிப்படல. ஊமைங்க மாதிரி வேலை பாக்கறானுங்க, எனக்குப் பயமா இருக்கு. நீங்க ரெண்டு பேரும் திரும்பி வர்றீங்களா? ஒருத்தர் மட்டும் வேணாம், ஜோடியா வேணும். மலைகிட்டயும் இப்பதான் சொன்னேன். பேசிட்டு உடனே சொல்லுங்க, எனக்கு அவசரம்."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எந்தப் பாத்திரத்தை எதற்குள் வைத்துக் கட்டுவது என்று அப்போதே மனசு கணக்குப் போட்டது. இவர் மலை அண்ணனுக்குப் போன் போட்டு, நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"என்னய்யா, குளிர்ல விறைச்சுப் போயிட்டியா?"

"நான் ஏன் விறைக்கறேன்? நீ உப்புக்காத்துல துருப்பிடிக்காம இருக்கியா?"

எத்தனை நாள் கழித்து இவர் முகத்தில் வெளிச்சம்! அந்த வெளிச்சம்தான் காரியத்தைக் கெடுத்தது. இரண்டு வார்த்தை சீண்டிவிட்டு விஷயத்துக்கு வருவார் என்று பார்த்தால், பழைய ருசி கண்டவர் நிறுத்தவே இல்லை. "இங்க வந்த பிறகுதான்யா எனக்குச் சோறே இறங்குது. தினம் மீன். படுத்தா அலைச் சத்தம். அண்ணன் வீடு, பிள்ளைங்க, ஒரே கொண்டாட்டம்."

"தங்கச்சி எப்படி இருக்கு?"

"அவளா? அவளுக்குத் தன் ஊரே மறந்துபோச்சு."

அந்த வார்த்தை என்னைச் சுருக்கென்று தைத்தது. போனைப் பிடுங்கக் கையை நீட்டினேன். இவரோ போனை எனக்கு எட்டாமல் பிடித்துக்கொண்டு, மலை அண்ணன் இப்போது உருளைக்கிழங்கை எடுத்து அடிப்பார் என்று சிரித்த முகமாகக் காத்திருந்தார். அடி வரவில்லை.

"இருக்கியா?" என்றார் இவர்.

"இருக்கேன்." கொஞ்சம் கழித்து, "சரிய்யா கடல். உங்க ஊருதான் ஒசத்தி. நான் ஒத்துக்கறேன். நீ ஜெயிச்சுட்ட. நல்லா இரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வருஷக்கணக்காக இவர் கேட்க ஏங்கிய வார்த்தை அது. வந்தபோது பேயடித்த மாதிரி உட்கார்ந்திருந்தார். மறுபடி போன் போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. விடிந்ததும் நான் தலைமாட்டில் நின்று, "மலை அண்ணன் கிடக்கட்டும், நேரா முதலாளிகிட்டயே வரேன்னு சொல்லுங்க" என்று போனைக் கையில் திணித்தேன்.

"நீ என்னய்யா இப்ப வரேங்கற?" என்றார் முதலாளி. "மலை நேத்தே சொல்லிட்டானே. கடல் அங்க ராஜா மாதிரி இருக்கான், நான் வரேன்னு சொன்னா எனக்காகக் கிளம்பி வந்துடுவான், அவனைக் கலைக்காதீங்கன்னான். நானும் வேற ரெண்டு பேருக்கு வார்த்தை கொடுத்துட்டேன்."

"அவன் வர்றதா இருந்தானா?" இவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அதை ஏன் கேக்கற? நான் முதல்ல கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள பெட்டியைக் கட்டறேன்னு சொன்னவன்தான்."

அதற்குப் பிறகு நான் பேசியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. கீழ் வீட்டில் அண்ணன் குடும்பத்துக்கே கேட்டிருக்கும். இவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார். மலை அண்ணனிடம் உண்மையைச் சொல்லியே தீருவேன் என்று போனை எடுத்தேன். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மா. நான் சந்தோஷமா இருக்கேன்னு நினைச்சுத்தானே அவன் விட்டுக்கொடுத்தான்? அதுவும் பொய்னு தெரிஞ்சா அவன் தாங்குவானா?"

போனைக் கீழே வைத்தேன்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசிக்கொள்கிறார்கள். இவர் மீனையும் காற்றையும் புகழ்கிறார். "ஆமாய்யா, ஆமா" என்கிறார் அவர். சண்டை இல்லாததால் பேச்சு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. பிறகு போன் என்னிடம் வரும். நல்லா இருக்கியா தங்கச்சி என்று கேட்பார். எங்க ஊருக்கு என்னண்ணே குறை என்பேன். இந்தக் கடலோர ஊரை எங்க ஊர் என்று சொல்லிச் சொல்லி நாக்குக்குப் பழகிவிட்டது.

போன வாரம் அவர் போனை வைக்காமல் கொஞ்சம் தயங்கினார். "கடல்கிட்ட சொல்லாத தங்கச்சி. அவன் ஊரும் சரி, என் ஊரும் சரி, நீ பொறந்த ஊருக்கு ஈடாகாது. நீ கட்டிக்கொடுத்த அந்தச் சாப்பாடு மாதிரி எங்கயும் இல்ல. அப்ப வாய்விட்டுச் சொல்லாமப் போயிட்டேன்."

இரண்டு பேரில் ஒருவர் வாயிலிருந்து ஒரு தடவையாவது வராதா என்று நான் வருஷக்கணக்காக எதிர்பார்த்த வார்த்தை. எதிரே இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படியாண்ணே?" என்றேன். "எனக்கு அதெல்லாம் மறந்தே போச்சு."