கட்டைவிரல் விழுந்த ப்ளேட்

1

இந்தக் கதை ஒரு கைரேகையில் பிறந்தது. யாருடையது என்று இப்போதே சொல்ல எனக்குத் தைரியம் போதாது. முதலில் இப்படி ஆரம்பித்திருந்தேன்: ‘கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ஒரு மூலையில், காலைப் பனியில்...’

பனியாவது ஒன்றாவது! அங்கே இருப்பது ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஜெபா.

2

ஜெபா நான்கு வருடமாக ஒரே மிஷினோடு மல்லுக்கட்டுகிறாள். அச்சகத்தில் மாட்டுகிற அலுமினிய ப்ளேட்டை மருந்துத் தண்ணீரில் கழுவித்தான் தயார் செய்வார்கள். அந்தக் கழுவலே வேண்டாம், வீட்டு பிரிண்டர் தாளில் மை தெளிப்பதுபோல ப்ளேட்டின் மேலேயே எழுத்தைத் தெளித்துவிடலாம் என்பது அவள் கட்சி. கவரைப்பேட்டையில் அச்சகம் வைத்திருக்கும் பச்சையப்பன் சோதனை பார்க்க வந்தார். அவர் மிஷினை வாங்கினால் ஜெபாவின் கம்பெனி பிழைக்கும். இல்லையென்றால் மாதக் கடைசியில் கொட்டகைக்குப் பூட்டு.

(ஜெபாவை இன்னும் கொஞ்சம் சிடுமூஞ்சியாக எழுதியிருக்கலாம். மனசு வரவில்லை.)

3

ப்ளேட் அருமையாக வந்தது. அச்சு இயந்திரத்தில் மாட்டி ஓட்டினார்கள். கல்யாணப் பத்திரிகையில், மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில், ஒவ்வொரு தாளிலும் கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை. வெறும் ப்ளேட்டில் விரல் பட்டால் போதும், அந்தப் பிசுக்கு மையைப் பிடித்துக்கொள்ளும்.

“இன்னாம்மா இது, மாப்ள கைநாட்டா?” என்றார் பச்சையப்பன்.

ஜெபா, மிஷின் ஓட்டும் குப்புராஜைப் பார்த்தாள். தினமும் காலையில் மிஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைப்பவர் அவர்.

“அண்ணே, ப்ளேட்டுக்குமா பொட்டு வெச்சீங்க?”

“மிஷினுக்குத்தாம்மா வெச்சேன். அவசரத்துல கை பட்டுக்கினு போச்சோ இன்னாவோ, தெர்லம்மா.”

“நாளைக்கு சொல்றேன்” என்று பச்சையப்பன் கிளம்பிவிட்டார். குப்புராஜ் யாரையும் பார்க்காமல், மிஷினில் காலையில் வைத்த பொட்டைச் சட்டை நுனியால் துடைத்தார்.

4

முடிவு இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில், ‘இவ்வளவு பொடி ரேகையே விழுகிறதே!’ என்று மெச்சி பச்சையப்பன் ஆர்டர் கொடுக்கிறார். அடித்துவிட்டேன், அவர் அவ்வளவு ஏமாளி இல்லை. மற்றதில் குப்புராஜ் வேலையை விட்டு

இதை எழுத முடியவில்லை. ஏனென்றால் அன்று வேடிக்கை பார்க்கப் போயிருந்த நான், மசால்வடை தின்ற கையோடு, “இதுவா ப்ளேட்டு?” என்று தொட்டுப் பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை. இரண்டு நிமிடம் கழித்து அதை மாட்டினார்கள். குப்புராஜ் மேல் பழி விழுந்தபோதும் வாயைத் திறக்காமல் நின்றேன். வெட்கமாக இருக்கிறது.

பச்சையப்பன் இன்னும் பதில் சொல்லவில்லை. அதற்குள் யாராவது ஜெபாவிடம் பேசியாக வேண்டும். நானும் நம்பரை அழுத்துவதும், மணி அடிக்குமுன் வைப்பதுமாக இருக்கிறேன். நீங்கள் பேசுங்களேன். மிஷின் மேலும் தப்பில்லை, குப்புராஜ் மேலும் தப்பில்லை என்று சொன்னால் போதும்.

யார் தொட்டது என்று கேட்பாள். சரி, சொல்லிவிடுங்கள்.